பழைய வெண்கலத்தைத் தேய்க்கும் முன்: குமரி மாவட்டத்தில் ஆய்வும் பாதுகாப்பும் கற்கத் தொடங்குபவர்களுக்கு

பச்சை பிடித்த ஒரு பழைய சிலையோ, பரண்மேல் கிடந்த தூக்குவிளக்கோ கையில் கிடைத்தால் நம் ஊரில் முதல் வேலையாகப் புளியையும் உப்பையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரத் தேய்ப்பில் பளபளவென்று வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தப் பொருள் எந்த மண்ணில் கிடந்தது, எங்கே உடைந்து ஒட்டப்பட்டது, உள்ளே அரிப்பு இன்னும் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதையெல்லாம் சொல்லக்கூடிய மேற்பரப்பு அதோடு சாக்கடையில் போய்விடுகிறது. போதாக்குறைக்கு உப்பிலிருக்கும் குளோரைடு உலோகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெண்கலத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

அருங்காட்சியகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், வேதியியலோ வரலாறோ படிக்கிற மாணவர்கள், கோயில் நிர்வாகம் பார்க்கும் ஸ்ரீகாரியம் அலுவலகத்தில் இருப்பவர்கள், தாத்தா காலத்து நிலவிளக்கை வீட்டில் வைத்திருப்பவர்கள் என்று இந்த வேலையின் ஓரத்தில் நிற்கிற எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று. கண்ணால் பாருங்கள், அளந்து பாருங்கள், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் மேற்கேயும் தெற்கேயும் கடல், ஆண்டுக்கு இரண்டு பருவமழை, எப்போதும் உப்புக் காற்று. இங்கே ரசாயனத்தைவிட ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே பாதி மருத்துவம்.

முதலில், தொட உங்களுக்கு உரிமை உண்டா?

இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வீடு கட்ட வானம் தோண்டும்போதோ குளம் தூர் வாரும்போதோ மண்ணுக்குள்ளிருந்து பொருள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ தாசில்தார் வழியாகவோ போகலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் வந்துவிடும். சிலையாக இருந்தால் பதிவு விஷயத்தையும் விசாரித்துவிடுங்கள். கோயில் பொருளுக்கு இந்து சமய அறநிலையத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். கோயில் சடங்குகளுக்குப் பொறுப்பான தந்திரியிடமும் பூசை செய்கிற போற்றியிடமும் கேட்காமல் வழிபாட்டில் உள்ள திருமேனியைத் தொடவே கூடாது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை வசம் இருக்கிறது, ஆகவே அங்கே உள்ள பொருளுக்கு வழி வேறு. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் போய்க் கேட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

மண்ணிலிருந்து எடுத்த பொருளைக் கழுவாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுதான். ஈரம் போக நிழலில் உலரவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கடலுக்குள்ளிருந்து வலையில் சிக்கி வந்தது என்றால் கதை நேர் எதிர்: உலரவிடவே கூடாது. உலர்ந்தால் உள்ளே ஊறியிருக்கும் உப்பு படிகமாகி மேற்பரப்பைப் பிளந்துவிடும். தண்ணீரில் மூழ்கிய நிலையிலேயே நிபுணர் கைக்குப் போக வேண்டும்.

கருவி வாங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

ஆரம்பத்தில் தேவைப்படுவது பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸ், ஒரு நல்ல டார்ச், சமையலறைத் தராசைவிடக் கொஞ்சம் துல்லியமான தராசு, அளவுகோல் வைத்துப் படமெடுக்க ஒரு செல்போன், நைட்ரைல் கையுறை. வெறுங்கையால் தூக்க வேண்டாம். வியர்வையும் உப்புத்தான். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம், உளிக்கோடு, வார்ப்பில் விழுந்த குழி எல்லாம் நிழலோடு எழுந்து வரும். ஒரு காந்தத்தை மெதுவாக அருகில் கொண்டுபோனால் உள்ளே இரும்புக் கம்பி வைத்துப் பழுது பார்த்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

எல்லாப் பக்கமும் படம், உயரம், அகலம், எடை, எங்கே என்ன நிறம் என்று ஒரு வரைபடம். இதற்கு ஒரு நோட்டு போடுங்கள். இந்த வேலை சலிப்பாகத் தோன்றும், ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அந்தப் படம் மட்டும்தான் இருக்கும்.

கண்ணைப் பழக்க வேண்டுமானால் பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எந்த இடம் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது, எந்த மடிப்பில் கருமை தங்கியிருக்கிறது என்று தேடுங்கள். தொடாமலேயே எவ்வளவு படிக்க முடியும் என்பது அங்கே புரியும்.

எல்லாப் பச்சையும் நோயல்ல

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய வெண்கலத்தை ஒட்டி உள்ளே சிவப்பாக ஒரு அடுக்கு இருக்கும், அது குப்ரைட் என்னும் செம்பு ஆக்சைடு. அதற்கு மேலே கரும்பச்சையாக, வழுவழுப்பாக, நகத்தால் கீறினாலும் வராத அடுக்கு இருந்தால் அது பெரும்பாலும் மாலகைட், அதாவது செம்பின் கார்பனேட்டு. இந்த இரண்டும் பொருளுக்குத் தீங்கு செய்வதில்லை, உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஓரளவு கவசமாகக்கூட நிற்கின்றன. சிலையின் நகை வேலைப்பாடு, கண்கோடு, விரல் நகம் போன்ற நுட்பங்கள் பல நேரம் இந்த அடுக்கில்தான் பதிந்து கிடக்கின்றன. இதைச் சுரண்டி எடுத்தால் சிலையின் தோலையே உரித்தது மாதிரி.

பயப்பட வேண்டியது வேறொரு பச்சையைப் பார்த்து. வெளிர் நிறம், பொடிப்பொடியாக, சிறு புள்ளிகளாக எழுந்து நிற்கும். மரக்குச்சியின் நுனியால் தொட்டால் மாவு போல உதிரும், உதிர்ந்த இடத்தில் ஒரு சின்னக் குழி தெரியும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். உலோகத்துக்கும் மேலடுக்குக்கும் நடுவே குப்ரஸ் குளோரைடு என்ற சாம்பல் நிற, மெழுகு போன்ற உப்பு பதுங்கியிருக்கிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதைச் சேர்ந்தால் அடகாமைட், பாராடகாமைட் என்ற வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது, அது பக்கத்திலிருக்கும் நல்ல செம்பைத் தின்று மறுபடியும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்குகிறது, மறுபடி ஈரம், மறுபடி பொடி. குளோரைடு தீர்ந்துபோவதில்லை என்பதால் வட்டம் தானாக நிற்காது. ஈரத்தை வெட்டினால்தான் நிற்கும்.

மூன்றாவதாக ஒரு பச்சை உண்டு, நம் ஊர் விளக்குகளில் இதுதான் அதிகம். எண்ணெய் ஊற்றும் குழியிலும் திரி வைக்கும் மூக்கிலும் பளிச்சென்ற பச்சையில் பிசுபிசுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். எண்ணெய், நெய்யின் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து உண்டாக்கிய சோப்பு அது. வெண்கல நோய் என்று பதறிவிடாதீர்கள். மரக்குச்சியால் வழித்தெடுத்து, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். முழுசாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை, கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள்.

குளோரைடு இருக்கிறதா? ஒரு எளிய சோதனை

இதைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள். சந்தேகப்படும் புள்ளியிலிருந்து கடுகில் பாதி அளவுப் பொடி போதும். சோதனைக் குழாயில் போட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டுக் கரைத்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். பால் விட்டது போல வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது.

ஆனால் அதற்கு முன், பொடி போடாமல் வெறும் தண்ணீரையும் அமிலத்தையும் வைத்து இதே சோதனையை ஒரு முறை செய்தே ஆக வேண்டும். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் தாமாகவே வெண்மையாகக் கலங்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் என்று கடையில் வாங்கியதையும் சோதித்துவிட்டே நம்புங்கள். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுப்புக் கறை பல நாள் போகாது, அதனால் கையுறை.

இன்னொன்று. கடற்கரை ஊரில் காற்றில் வந்து படிந்த உப்பும் இதே பதிலைத் தரும். ஆகவே குளோரைடு இருப்பது மட்டும் நோய்க்குத் தீர்ப்பு ஆகாது. பொடி உதிர்கிறதா, குழி இருக்கிறதா, துடைத்த பிறகு அதே இடத்தில் திரும்ப வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வகங்களில் சிகிச்சை முடித்த பொருளை 95 சதவீத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்துப் புதிய புள்ளி முளைக்கிறதா என்று பார்ப்பது உண்டு. வீட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

என்ன உலோகம்? எக்ஸ்ஆர்எஃப் கருவியும் நம் கடற்கரை மணலும்

கையில் பிடித்துக் குறிவைக்கிற எக்ஸ்ஆர்எஃப் கருவி இப்போது பல ஆய்வகங்களில் இருக்கிறது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சும், திரும்பி வருகிற கதிரை வைத்து எந்தத் தனிமம் என்று சொல்லும். பொருளை வெட்ட வேண்டாம், சுரண்ட வேண்டாம். அதனால் முதல் கருவி இதுதான். ஆனால் திரையில் வருகிற எண்ணை அப்படியே எழுதிவிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

செம்பின் சமிக்ஞை மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரான் ஆழம் வரைக்கும்தான் வருகிறது. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த பொருளில் அரிப்பு அடுக்கே அதைவிடத் தடிமனாக இருக்கும். செம்பு கரைந்து வெளியேற, வெள்ளீயம் ஆக்சைடாகி அங்கேயே தங்கிவிடுவதால், உள்ளே 8 சதவீதம் வெள்ளீயம் உள்ள சிலை வெளியே இரு மடங்குக்கு மேல் காட்டலாம். அதற்குத்தான் ஒரே இடத்தில் அளக்காமல் பல இடங்களில் அளக்கச் சொல்வது. அனுமதி கிடைத்தால் பீடத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் உலோகம் வெளிப்பட்ட ஒரு சிறு இடத்தையும் அளக்க வேண்டும். கலவை தெரிந்த வெண்கலத் துண்டு ஒன்றையும் அதே நாளில், அதே கருவியில் அளந்து ஒப்பிடுங்கள். காரீயமும் ஆர்சனிக்கும் கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில், 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், கருவித் திரையின் வரைபடத்தில் உச்சம் காட்டும். "ஆர்சனிக் இருக்கிறது" என்று கருவி சொன்னால் உடனே நம்பாமல் 11.7 பக்கத்தில் ஆர்சனிக்கின் இரண்டாவது உச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் நிறைந்த கருமணல் இருப்பது எல்லோருக்கும் தெரியும், மத்திய அரசு நிறுவனமே அங்கே மணல் பிரிக்கிறது. அந்தக் கரையை ஒட்டிய மண்ணில் கிடந்த வெண்கலத்தை அளந்தால் டைட்டானியம், சிர்க்கோனியம், சில நேரம் தோரியம், சீரியம் என்று உச்சங்கள் எழும். பழங்காலத்து வார்ப்பாளர் ஏதோ அபூர்வ உலோகம் கலந்தார் என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள், மடிப்பில் ஒட்டியிருக்கிற மணல்தான் பேசுகிறது. லென்ஸில் பார்த்தால் கறுப்பு மினுமினுப்பாக ஓரிரு துகள் தெரியும். அதே சமயம் அந்த உச்சங்களை அழித்துவிடவும் வேண்டாம். பொருள் எந்தக் கரையோர மண்ணில் கிடந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம், திருட்டுச் சிலை வழக்கில்கூடப் பயன்படலாம். நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

கலவையைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால், ஆய்வு செய்யப்பட்ட தென்னிந்தியச் சிலைகளில் பெரும்பங்கு செம்பு, அடுத்து வெள்ளீயமும் காரீயமும். ஐம்பொன் என்று சொல்கிறோமே தவிர, தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் மிகமிகக் குறைந்த அளவில்தான் கிடைக்கின்றன. சிலைக்குள் தங்கம் நிறைய இருக்கிறது என்ற நம்பிக்கைதான் எத்தனையோ திருட்டுக்கும் உருக்கலுக்கும் காரணம், ஆகவே இதை ஊரில் நாலு பேரிடம் சொல்லுங்கள். மணி, உருளி போன்றவற்றில் வெள்ளீயம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய கிண்ணங்களும் இப்படி வெள்ளீயம் மிகுந்த வகை. இந்தக் கலவை கண்ணாடி போல உடையும், தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமா?

ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும். கேள்வி இல்லாமல் கருவி இருக்கிறதே என்று அனுப்பினால் பொருளுக்கும் நல்லதில்லை, பணத்துக்கும் நல்லதில்லை. பச்சைப் பொடி எந்தச் சேர்மம் என்று உறுதி செய்ய எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது) அல்லது ராமன் நிறமாலை (லேசர் ஒளியால் சேர்மத்தை அடையாளம் காண்பது). பக்கத்துக் கல்லூரி, பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், துளிப் பொடி போதும். உள்ளே வெடிப்பு, குழிவு, களிமண் கரு இருக்கிறதா என்று பார்க்க ரேடியோகிராஃபி. நம் சிலைகள் பலவும் உள்ளே வெற்றிடம் இல்லாமல் கெட்டியாக வார்த்தவை என்பதால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஊடுருவாது, தொழிற்சாலை அளவுக் கதிர் வேண்டும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் தென்னிந்தியத் திருமேனிகளை இப்படி ஆராய்ந்து, திருட்டுப் போனால் அடையாளம் காட்டும் ரேகைப் பதிவு போல ஆவணப்படுத்தும் வேலையைச் செய்திருக்கிறது. காரீயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை வைத்துச் சிலைகளைக் காலவாரியாக வகைப்படுத்தும் ஆய்வைத் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் செய்திருக்கிறார், அதற்குச் சில மில்லிகிராம் மாதிரி எடுத்தாக வேண்டும்.

மாதிரி எடுப்பது என்றால் ஏற்கெனவே உடைந்த ஓரத்திலிருந்து மட்டும். காரீயம் செம்போடு கரையாமல் தனித்தனி உருண்டைகளாக நிற்பதால், ஒரு துளைப்பொடியை வைத்து மொத்தச் சிலைக்கும் சதவீதம் சொல்வது ஆபத்து. வெண்கலத்துக்குக் கார்பன் காலக்கணிப்பு செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே களிமண் கரு இருந்தால் அதை வெப்ப ஒளிர்வு முறையில் கணிக்கலாம், இல்லையென்றால் பாணியும் எழுத்தும்தான் கைகொடுக்கும்.

சிகிச்சை: எவ்வளவு குறைவாகவோ அவ்வளவு நல்லது

வெண்கல நோய் உறுதியானால் வழக்கமான வரிசை இப்படி. பொடியை லென்ஸ் அல்லது நுண்ணோக்கியின் கீழ் மரக்குச்சியாலும் மெல்லிய ஊசியாலும் எடுப்பது. குளோரைடு அதிகம் என்றால் அதை வெளியே இழுக்க 5 சதவீத சோடியம் செஸ்குயிகார்பனேட் கரைசலில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பது. இதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும், மேலடுக்கின் நிறமும் மாறக்கூடும், அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது. ஓரிரு புள்ளிதான் என்றால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளி ஆக்சைடு வைத்து அடைப்பது. பிறகு ஆல்கஹாலில் 3 சதவீத பென்சோட்ரையசோல். செம்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கும். கடைசியில் அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் பூச்சு, அதற்கு மேல் தேவைப்பட்டால் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. பின்னால் வருகிறவர் கரைத்தெடுக்க முடியாத எதையும் பூசக் கூடாது. வார்னிஷ், பெயின்ட், எப்பாக்சி எல்லாம் அதனால்தான் கூடாது.

பென்சோட்ரையசோல் உடம்புக்குக் கெடுதல். புகை உறிஞ்சும் அறை, கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். அரிப்புத் தூசியில் காரீயமும் இருக்கும். இந்தப் பத்தியில் உள்ளவற்றைப் பயிற்சி இல்லாமல் நீங்களே செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வெண்கலங்களைக் காப்பதற்கென்று வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். இவ்வளவு பழைய அனுபவம் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது அங்கே கேட்பதில் தயக்கம் எதற்கு?

நீங்களே செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும்: உலர்ந்த டப்பா

குளோரைடு உள்ள வெண்கலத்தை ஒப்பு ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். நம் கடற்கரையில் ஈரமானி 70, 80 என்று காட்டுவது சாதாரணம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் கொஞ்சம் உலர்வாக இருக்கலாம், விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை அதிகம். எங்கே என்றாலும் திறந்த அலமாரி போதாது. பொது அறை முழுக்க ஏசி போட்டு இரவில் அணைப்பது அதைவிட மோசம், ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ரப்பர் வளையம் இல்லாமலே மூடி இறுகப் பொருந்துகிற பாலிப்ரோப்பிலீன் டப்பா ஒன்று வாங்குங்கள். அடியில் துணிப்பையில் சிலிக்கா ஜெல், பொருளின் எடைக்குச் சமமான அளவு. அதன் மேல் வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரை, நுரைமேல் பொருள், பக்கத்தில் சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஜெல்லில் நிறம் மாறும் மணி கலந்திருந்தால் பார்வைக்கு வசதி. நீல மணியில் கோபால்ட் இருப்பதால் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். ஈரம் 40ஐத் தாண்டினால் ஜெல்லை அடுப்பில் மிதமான சூட்டில் காயவைத்து, ஆறவைத்து, திரும்பப் போடலாம். மரப்பெட்டி வேண்டாம், தேக்கு ஆனாலும் சரி, பலா ஆனாலும் சரி. மரத்திலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். கம்பளித் துணி, செய்தித்தாள், ரப்பர் பேண்ட் இவற்றையும் உள்ளே வைக்காதீர்கள்.

வழிபாட்டில் இருக்கிற திருமேனியை டப்பாவில் அடைக்க முடியாது, அடைக்கச் சொல்லவும் கூடாது. அங்கே கேட்கக்கூடியது வேறு. இளநீரிலும் குளோரைடு உண்டு, பாலும் சந்தனமும் மடிப்புகளில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே அபிஷேகம் முடிந்ததும் கடலோர உப்புக் கிணற்று நீரில் அல்லாமல் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, கழுத்து மடிப்பு, மாலைக்குக் கீழே, பீடத்தின் இடுக்கு எல்லாம் உலர்ந்த பிறகு அலங்காரம் செய்யச் சொல்லுங்கள். எலுமிச்சை, புளி, கடையில் விற்கும் பாத்திரப் பொடி இவற்றை நிறுத்தச் சொல்லுங்கள். போற்றிகளிடம் பணிவாக, காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். திருமேனி மேல் அவர்களுக்கு இருக்கிற அக்கறை நம்முடையதைவிடக் குறைந்ததில்லை.

டப்பாவில் வைத்ததை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறையும் பாருங்கள். திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே ஈரமானியைப் படித்துத் தேதியோடு நோட்டில் எழுதினால் போதும். நுரையின் மேல் வெளிர்பச்சைத் தூள் கொட்டிக் கிடப்பது தெரிந்தால் மட்டும் வெளியே எடுத்து, அந்த இடத்தைப் படமெடுத்து, பழைய படத்தோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.